மேடையில் நான் சொன்ன பெயர்

தயாபுரம்
1934 செப்டம்பர், வியாழன் இரவு

கர்த்தருக்குள் அருமையான மகன் ஜெயசிங்குக்கு அம்மை எழுதுவது. ஆண்டவருடைய தயவால் இங்கே வீட்டில் எல்லாருக்கும் சுகம், ஆடு மாடு முதற்கொண்டு ஒன்றுக்கும் குறைவில்லை. நீயும் அந்தக் குளிர் மலையில் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

அண்ணே, மேலே உள்ளதை என் கை தானாக எழுதிவிட்டது. நீங்கள் இலங்கையில் பதுளைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாகப் போன நாள் முதல் அம்மை சொல்லச் சொல்ல நான் எழுதி எழுதி, உங்களுக்கு ஒரு கடிதம் வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இது அம்மை சொல்லி எழுதுவதல்ல. நான் குளோரி எழுதுகிறேன். அடித்துவிட்டு வேறு தாளில் தொடங்கலாம் என்றால் பள்ளிக்கூட நோட்டிலிருந்து இன்னொரு தாள் கிழிக்கப் பயமாக இருக்கிறது. அப்பா முன் அறையில் படுத்திருக்கிறார். நான் அடுப்படியில் உட்கார்ந்து சிம்னி விளக்கைத் திரி இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று அம்மை சொல்லி எழுதிய தாள் கவருக்குள் இருக்கிறது, கவரை இன்னும் ஒட்டவில்லை, காலையில் கஞ்சிப்பசை வைத்து ஒட்டி நான்தான் பள்ளிக்கூடம் போகிற வழியில் கொட்டாரத்தில் தபாலில் போடவேண்டும். அதற்குள் இதையும் மடித்து வைத்துவிடுவேன்.

அம்மையின் தாளை நீங்கள் முதலில் வாசித்திருப்பீர்கள். அதில் உள்ள மற்றச் சங்கதிகள் எல்லாம் மெய்தான். செவலை கிடாரிக் கன்று போட்டது மெய். கன்னிப்பூ விளைச்சல் அறுத்து அடித்த நெல் களத்திலேயே நனைந்ததும், அப்பாவுக்கு முட்டில் வாயு இறங்கி நடக்கக் கஷ்டப்படுவதும், கோயிலுக்கு வெள்ளை அடித்ததும் மெய். கடைசியில் பூங்கனி வீட்டாரைப் பற்றி எழுதியிருக்கிறதே, அவர்களுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், நீ மனசைத் தேற்றிக்கொள், கிறிஸ்மஸுக்கு வருவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவை என்று, அது மட்டும் பொய். அவர்கள் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, யாரையும் அனுப்பவும் இல்லை. அந்தப் பொய்யை எழுதினது என் கை. அப்படி ஒரு பொய் எழுத வேண்டி வந்ததற்கும் நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் இந்தத் தாள். வாசித்து முடிக்கிற வரை தூர எறிந்துவிடாதீர்கள்.

சபை உண்டாகி நூறு வருஷம் ஆனதற்குப் பண்டிகை வைத்தார்கள் என்றும் அதில் நாடகம் போட்டார்கள் என்றும் அம்மையின் தாளில் ஒரே வரியாக இருக்கும். அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நாடகத்தை எழுதினது நம் செல்வதாஸ் வாத்தியார். தயாபுரத்தில் நம் ஆட்கள் குடியேறிய சரித்திரம் முழுவதையும் மூன்று மணி நேரத்துக்கு எழுதியிருந்தார். முதலில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவதாகத்தான் பேச்சு, நம் பூட்டி வேஷத்துக்கு ததேயுஸ் அண்ணனைச் சொல்லியிருந்தார்கள். அவர் சேலை கட்டுகிறேன், மீசையை மட்டும் எடுக்கமாட்டேன், கலியாணம் ஆகாதவன் மீசையில்லாமல் அலைந்தால் எவன் பெண் தருவான் என்று நின்றுவிட்டார். மாதர் சங்கத்தில் எல்லாரும் சிரித்து, மீசை வைத்த பூட்டியை நாங்கள் பார்க்கமாட்டோம், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண்பிள்ளைகள் நிற்கட்டும் என்று சபைப் போதகர் ஐயரிடம் போய்க் கேட்டு அனுமதி வாங்கினார்கள். ததேயுஸ் அண்ணனுக்கு மிஷனரித் துரை வேஷம் போயிற்று. அப்பா முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, நம்ம வீட்டுப் பூட்டி, நம்ம வீட்டுப் பிள்ளைதான் கட்டணும், வேற எந்த வீட்டுக்காரி கட்டினாலும் எனக்குப் பொறுக்காது என்று அவரே சொன்னார். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை அண்ணே. அந்தப் பெருமையில்தான் எல்லாம் தொடங்கியது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வாத்தியார் அதை எப்படி அமைத்திருந்தார் என்று சொன்னால்தான் நான் செய்ததன் அளவு உங்களுக்குப் புரியும். வேதத்துக்கு வந்த ஏழு வீட்டாரையும் பெரிய வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையும் கூலியில்லா ஊழியத்துக்கு வரச்சொல்லி அடித்ததும், அவர்கள் இராவோடு இராவாகப் பனைவிளைக்குள் போய் ஒளிந்ததும் முதல் பாகம். நம் ஆட்களில் ஒருவனைப் பிடித்து அவர்கள் அடித்த அடியில் மற்றவர்கள் ஒளிந்த இடத்தை அவன் சொல்லிவிட, வந்து விளைக்குத் தீ வைத்ததும், புகையில் பூட்டியின் கைக்குழந்தை செத்ததும் இரண்டாம் பாகம். துரை வந்து இந்த மேட்டு நிலத்தை வாங்கிக் கொடுத்து, இங்கே கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட அன்றைக்கு அந்த மனிதன் முகத்தை மூடிக்கொண்டு தூரத்தில் வந்து நின்றது கடைசிப் பாகம். எல்லாரும் கல்லைத் தூக்கியபோது, குழந்தையைப் பறிகொடுத்த பூட்டி புதுக் கிணற்றில் முதல் தண்ணீரைக் கோரி அவன் கையில் ஊற்றி, இவன் பெயரை இந்த ஊரில் நாலுபேர் கேட்க யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் அன்றைக்கு இது ஊர் அல்ல, வெறும் காடுதான் என்று சொன்னாள். அதனால்தான் சபையார் கூடி உண்ணுகிற அசனத்துக்கு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, ஒரு வீட்டுக் குடம் வராவிட்டாலும் அடுப்பு மூட்டாமல் இருக்கிறோம். நூறு வருஷமாக அந்தப் பெயரைக் கோயிலில் யாரும் சொன்னதில்லை, கிணற்றங்கரையில் சொன்னதில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் சொல்லாத வீடும் இல்லை. எனக்கும் சின்ன வயசிலேயே தெரியும். உங்களுக்கும் தெரியும். அது நேசையன் மாமாவின் தாத்தா என்று தெரிந்துதான் நீங்கள் அவர் மகள் பூங்கனி மைனியைக் கேட்டீர்கள். அப்பா அரை மனசோடு சரி என்றார். கிறிஸ்மஸுக்கு நீங்கள் வந்ததும் நிச்சயம் வைப்பதாக இருந்தது.

நான் அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

நேசையன் மாமா ஒத்திகை நாள் எல்லாம் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். என் தொண்டை கட்டிப்போனபோது மடியில் பனங்கற்கண்டு கொண்டுவந்து, வாயில ஒதுக்கிக்கோ மக்ளே என்று கொடுத்தார். கடைசிப் பாகம் ஒத்திகை நடக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார், முடிந்ததும் வருவார். முகத்தை மூடிக்கொண்டு வருகிற அந்த வேஷத்தைக் கட்ட ஊரில் ஒருவரும் சம்மதிக்காததால் வாத்தியாரே அதைக் கட்டினார். பூட்டி பேச வேண்டியதை எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். எங்களைக் காட்டிக் கொடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, பரமண்டல ஜெபத்தில் பாதி சொல்லுகிற நேரம் வாயைத் திறக்காமல் நிற்கவேண்டும். பிறகு குடத்தை எடுக்கவேண்டும். நீ பேசுற வசனம் எதுவும் எனக்குப் பெரிசில்லை, அந்த இடத்தில் பேசாம நிக்கிறதுதான் நாடகம் என்று பலதடவை சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை அடுக்கி அதன்மேல் பலகை பரப்பி மேடை. கொட்டாரம், மயிலாடி, அகஸ்தீஸ்வரம் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள். துரைக்குத் தொப்பி கோட்டாறு அப்துல் ரசாக் முதலாளி கொடுத்தது, அந்தத் தொப்பி எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்க அவரே வீட்டாரோடு வண்டி கட்டி வந்திருந்தார். ததேயுஸ் அண்ணன் முகத்தில் பூசின அரிசிமா வியர்வையில் கரைந்து மீசையில் அப்பிக்கொண்டது, அவர் துரைத் தமிழ் பேசினபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேசையன் மாமா மேடையின் பக்கத்தில் கம்பத்தில் தொங்கின காஸ் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் மங்கும்போதெல்லாம் இறக்கிக் காற்றடித்து ஏற்றவேண்டும், அந்த வேலையை அவரைப்போலச் செய்ய ஆளில்லை என்பதால் அன்றைக்குக் கடைசிப் பாகத்தில் அவர் வேப்பமரத்தடிக்குப் போக முடியவில்லை. குழந்தை சாகிற இடத்தில் நான் அழுதபோது பெண்கள் எல்லாரும் அழுதார்கள். கையும் தட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இன்னும் தட்டமாட்டார்களா என்று இருந்தது.

கடைசிப் பாகத்தில் சொல்லவேண்டியதைச் சொன்னேன், வாத்தியார் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். பந்தல் முழுவதும் சத்தமில்லை. பாதி ஜெபம்கூட ஆகியிருக்காது, பின்னால் வெளியூர் ஆட்கள் நின்ற பக்கத்திலிருந்து யாரோ ஒருவர், ஆரு மக்ளே அது, பேரச் சொல்லு என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர், சொல்லு சொல்லு என்றார்கள். அண்ணே, மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று நான் வாத்தியாரிடம் சொன்னேன், ஐயரிடமும் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லமாட்டேன். மறக்கவில்லை. சொல்லக்கூடாது என்று எனக்கு அந்த நேரத்திலும் நன்றாகத் தெரியும். சொன்னால் எல்லாரும் தட்டுவார்கள் என்றும் தெரிந்தது. கையை நீட்டி, தொண்டை கிழிய அந்தப் பெயரைச் சொன்னேன், வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

வெளியூர்க்காரர்கள் தட்டினார்கள், சீட்டியும் அடித்தார்கள். நம் ஊர்க்காரர் ஒருவரும் தட்டவில்லை. முன்னால் பாயில் இருந்த நம் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் விளக்கின் பக்கம் பார்த்தேன். நேசையன் மாமா விளக்கைக் கீழே இறக்கிக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. அடித்து முடித்து, கயிற்றை இழுத்து, விளக்கை என் முகத்துக்கு நேராக ஏற்றிக் கட்டினார். எனக்கு அதன் பிறகு சொல்லவேண்டியது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய் வாத்தியார் முன்னால் நின்றேன். அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டவேண்டும், நான் ஊற்ற அவர் குடிக்கவேண்டும். அவர் துணிக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு நின்றார், நீட்டவில்லை. நான் தண்ணீரைப் பலகையில் ஊற்றினேன். அது பெஞ்சுகளுக்கு இடையில் சொட்டின சத்தம் எனக்குக் கேட்டது. அதுவும் நாடகம்தான் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் அதற்கும் தட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, நல்லாத்தான் செய்தே என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்தச் சமயத்தில் அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் அப்பா என்னை அடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. மறுநாள் ஆராதனை முடிந்து அசனத்துக்கு எல்லாரும் குடத்தோடு வந்தார்கள். நேசையன் மாமா வீட்டுக் குடம் வரவில்லை. சமையல்காரர்கள் விறகை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிள்ளைகள் பசி பசி என்று அழத்தொடங்கின. யாராவது போய் அவர்களைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் போய் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அப்பாதான், டீக்கன் என்கிற முறையில், வெயில் ஏறுது, மூட்டுங்கோ என்றார். நூறு வருஷத்தில் ஒரு வீட்டுத் தண்ணீர் இல்லாமல் அசனம் வெந்தது இதுதான் முதல் தடவை என்று இலை போடும்போது பெண்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே கொட்டாரத்து ரத்தினம் மாமா வந்தார். அப்பாவும் அவரும் முற்றத்தில் பேசினது எனக்கு இங்கே கேட்டது. எல்லாரும் அறிஞ்ச காரியந்தான் அத்தான், ஆனா அறிஞ்சிருக்கது வேற, நாலு ஊரு கேக்கச் சொன்னது வேற என்றார் மாமா. இனிமேல் அந்த வீட்டில் பெண் எடுத்தால் கலியாணப் பந்தலில் அந்தப் பெயரைத்தான் பேசுவார்கள், அதுவும் உங்கள் மகளே மேடையில் ஏறிச் சொன்ன பெயர் என்றார். அப்பா, எனக்கு ஆதியிலேயே மனசில்ல என்றார். அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதை நான் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை கோயில் காணிக்கைக்கு வீடுவீடாகப் பிடியரிசி எடுக்கப் போகவேண்டிய முறை என்னுடையது. ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் போய்விட்டு, அந்த வீட்டை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று இலுப்பை மரத்தடியில் நின்று யோசித்தேன். விட்டால் நான் அவர்களைச் சபையிலிருந்தே தள்ளினதுபோல ஆகும். போனேன். நேசையன் மாமா வாசலில் உட்கார்ந்து காஸ் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, தொண்டை சரியாச்சா மக்ளே என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் உள்ளே பார்த்து, பிள்ளைக்கு அரிசி கொடுங்கோ என்றார். பூங்கனி மைனிதான் கலயத்தோடு வந்தார்கள். வழக்கமாக மைனி என்று கூப்பிட்டு அவர்களை வெட்கப்படுத்துகிற நான், அன்றைக்கு அக்கா என்றேன். அவர்களுக்கு அது தெரிந்தது. அரிசி முழுவதையும் பெட்டியில் தட்டிவிட்டு, மாமாவுக்குக் கேட்காதபடி என் கூடவே வேலி வரை வந்தார்கள். அங்கே வைத்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எங்க வீட்ல காட்டிக் கொடுத்தது பூட்டன் ஒருத்தன்தான் குளோரி. அதுவும் அடிச்ச அடியில. ஒன்ன ஆருட்டி அடிச்சா?”

பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள், ஒங்க அண்ணன் வந்து எங்க அப்பா முகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்லட்டும், நான் கேட்டுக்கிடுவேன், வேற ஆரும் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அழவில்லை. அவர்கள் சொன்னது இவ்வளவுதான் அண்ணே. இதில் இஷ்டமில்லை என்கிற வார்த்தை எங்கே இருக்கிறது.

நேற்று அப்பா இந்த அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அம்மை தன் வாயால் அதைத் திருப்பிச் சொன்னாள். பூங்கனி வீட்டாரைப் பற்றிய இடம் வந்தபோது அம்மை கொஞ்சம் நின்றாள். அப்பா, சொல்லு ஞானபாய் என்றார். சொன்னாள். நான் பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுதினேன். எழுதும்போதே, மேடையில் வாயால் செய்ததை இப்போது கையால் செய்கிறேன் என்று தெரிந்தது. அன்றைக்காவது கைதட்டல் இருந்தது, நேற்று அதுவும் இல்லை. ஆனாலும் எழுதினேன், அப்பாவுக்குப் பயந்து. நீங்கள் அதை வாசித்துவிட்டு, அவர்களே வேண்டாம் என்றபிறகு நான் என்ன செய்ய என்று மலையிலேயே இருந்துவிடுவீர்கள். இங்கே மைனி நீங்கள் வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். நீங்கள் வராததையே பதில் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேரையும் நான் ஏமாற்றினதாக முடியும். அதனால்தான் எழுதுகிறேன், என்னை நல்லவள் என்று நீங்கள் நினைக்கவேண்டும் என்று அல்ல. நான் செய்த காரியம் ஊர் முழுவதும் தெரியும், பள்ளிக்கூடத்தில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் இன்னும் என்னிடம் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டு என்று கேட்கிறார்கள், கையை நீட்டி நான் நின்றதுபோல நின்று காட்டுகிறார்கள். நான் மத்தியானச் சோற்றை வகுப்பிலேயே இருந்து சாப்பிடுகிறேன்.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வயசில்லை. ஆனாலும் மைனிக்கு எழுதாமல் நேசையன் மாமாவுக்கே ஒரு கடிதம் எழுதுங்கள், அதுதான் மரியாதை. அவர்களுக்கு ஆள் மூலமாக எதுவும் சொல்லி அனுப்பவேண்டாம். அப்பாவுக்கு எழுதும்போது என் தாள் வந்தது என்று எழுதாமல் இருந்தால் நல்லது, எழுதத்தான் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் எழுதுங்கள், அடி வாங்கிக்கொள்கிறேன்.

இவ்வளவு எழுதி நிறுத்தியிருந்தேன். அதற்குள் அம்மை எழுந்து வந்துவிட்டாள். தாளின்மேல் கையை வைத்து மறைத்தேன், பயத்தில் மைச்சொட்டு விழுந்துவிட்டது, இதோ மேலே இருக்கிற கறை அதுதான். அம்மை விளக்கை ஊதி அணைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் குறட்டையைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, அவனுக்கா என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்லல்லன்னு எழுதிட்டியா என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அம்மைக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாலும் தாளைக் கையில் வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், “அந்தப் பேர ஒனக்கு ஆரு சொல்லித் தந்தா? இந்த அடுப்படியில நான்தானே” என்றாள். அவ்வளவு சொல்லிவிட்டு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்தாள். அம்மை வெட்கப்பட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி வருவது அம்மை காதோடு சொல்லச் சொல்ல எழுதுவது.

மகனே, அந்தத் தாளை எழுதும்போது அப்பா பக்கத்தில் இருந்தார், இதை எழுதும்போது இல்லை, உனக்கு அது போதும் என்று நினைக்கிறேன். அப்பாவைக் கோபிக்காதே, முட்டு வலி அவரைப் படுத்துகிறது, அதைவிட அசனத்து அடுப்பை மூட்டச் சொன்னது படுத்துகிறது, அவர் அதைச் சொல்லமாட்டார். அந்தப் பிள்ளை பூங்கனியைப் பற்றி நான் ஒரு குறையும் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். உன் தங்கச்சி செய்தது பெரிய தப்பு. நீ கோபித்துக்கொள், கோபிக்கவேண்டியதுதான், ஆனால் இங்கே வந்து முகத்துக்கு நேரே கோபித்துவிட்டு விட்டுவிடு, மனசில் வைத்துக்கொண்டு அலையாதே. கிறிஸ்மஸுக்குத் தவறாமல் வா. கிறிஸ்மஸ் அசனத்துக்கும் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும். நேசையன் அண்ணன் வீட்டாரைக் குடத்தோடு அழைத்துக்கொண்டு வர இந்த ஊரில் யாருக்கும் முகமில்லை, நீ ஒருவன்தான் போகமுடியும். அவர்கள் வரவில்லை என்றால் நம் வீட்டுக் குடமும் போகாது, அதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்பா என்ன சொன்னாலும். வெறும் வயிற்றில் தேயிலைத் தண்ணீர் குடிக்காதே. காய்ச்சலுக்குத் தருகிற கொயினா மாத்திரையைக் கசக்கிறது என்று துப்பாதே. அட்டை கடித்தால் பிய்த்து எடுக்காமல் உப்பு வை. கப்பலுக்கு வரும்போது அந்தக் கம்பளிச் சட்டையை மறக்காமல் கொண்டுவா, இங்கே கிழிசலைத் தைத்துத் தருகிறேன். பனைவிளையில் நம் ஆட்களைக் காத்தவர் உன்னையும் அந்த மலையில் காப்பார், போக்கிலும் வரத்திலும் அவர் கை உன்மேல் இருக்கட்டும்.

அம்மை பேனாவைக் கேட்டு வாங்கி, எப்போதும் போடுகிற சிலுவைக் குறியை இந்தத் தாளிலும் கீழே போட்டிருக்கிறாள். மேலே நான் என்னென்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவே இல்லை. வாசித்துக் காட்டட்டுமா என்று நான்தான் கேட்டேன். வேண்டாம், அவன் வாசிச்சாப் போதும் என்றாள். கவருக்குள் இரண்டு தாளிலும் அம்மையின் குறி இருக்கும் அண்ணே. அந்தத் தாளில் அப்பா விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்ததால் அது நேராக இருக்கிறது. இது அரை இருட்டில் போட்டது, கொஞ்சம் கோணியிருக்கும்.

✝
ஞானபாய், உன் அம்மை

எழுதினது, உங்கள் தங்கச்சி குளோரி